ஒன்பதரைக்குப் புறப்பட்டு மூன்றரைக்கு

ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் ஊரில் எல்லோரும் அவரை டைம்கீப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். பேருந்து நிலையத்தின் நடுவில், கம்பி போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போக வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுவது அவர் வேலையாக இருந்தது. இரண்டு நிமிடம் பிந்தி வந்தாலும் ஓட்டுநர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு விழும். சொந்த மாமனார் வண்டி ஓட்டி வந்தாலும் முதலில் கோட்டைப் போட்டுவிட்டு அப்புறம்தான் "வாங்க மாமா" என்பார் என்று ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் மனைவியின் விமானப் பயணத்தில் கோட்டை விட்டார். அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கூடவே பாவமாகவும் இருக்கிறது.

அவர்களுக்கு ஒரே மகள். நாற்பதைத் தொடப்போகிறாள், ஆனாலும் வீட்டில் பாப்பாதான். அதனால் தெருவில் அவள் அம்மாவுக்குப் பெயர் பாப்பாம்மா. பாப்பா கடல் கடந்து போய் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று தனியாகவே இருந்துகொண்டாள். போன மாதம் ஈரமான படிக்கட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "நீங்க யாரும் வர வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்று முதல் வாரம் சொன்னாள். இரண்டாவது வாரமும் அதையே சொன்னாள். மூன்றாவது வாரம் பேச்சின் நடுவில் உடைந்து அழுதுவிட்டாள். அழுகிற ஜாதி இல்லை அவள். பெற்றவர்கள் அன்றைக்கே விசாவுக்கு அலைய ஆரம்பித்தார்கள்.

அவசரத்துக்கு ஒருவருக்குத்தான் விசா கிடைக்கும் போலிருந்தது. படுத்திருக்கும் பெண்ணுக்கு அம்மா போவதுதான் சரி என்று முடிவாயிற்று. ஆனால் பாப்பாம்மாவை ஊரை விட்டுக் கிளப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கொஞ்ச வருடங்களாகவே அவள் எங்கும் போவதில்லை. தங்கை வீட்டுக்குக்கூடப் போகவில்லை. முட்டிவலி என்பாள், தலைசுற்றல் என்பாள், வீட்டை யார் பார்ப்பது என்பாள். இந்தத் தடவை சாக்கு எதுவும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எவ்ளோ நேரம் உட்காரணும்?"

டைம்கீப்பர் டிக்கெட்டை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். புறப்பாடு காலை ஒன்பதரை. போய்ச் சேருவது அதே தேதி, பிற்பகல் மூன்றரை. இப்படி எத்தனை லட்சம் புறப்பாடுகளையும் வருகைகளையும் பார்த்த கண். கை விரலை மடக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"ஆறு மணி நேரம். நம்ம ஊர் பஸ்ஸுல உன் தங்கச்சி வீட்டுக்குப் போறதுக்கே அஞ்சு ஆகும்."

பாப்பாம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஆறுன்னா போறேன். சத்தியமா ஆறுதானே?"

"டைம் விஷயத்துல நான் என்னிக்குத் தப்பா சொல்லியிருக்கேன்?" என்று கேட்டார் அவர்.

அவர் தலைக்கு மேலே கூடத்துச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று இந்த ஊர் நேரம். இன்னொன்று பாப்பாவின் ஊர் நேரம். அவரே வாங்கி, அவரே மாட்டி, வாரா வாரம் அவரே சரிபார்க்கும் கடிகாரங்கள்தான்.

மறுநாள் அவர் டிக்கெட் கடைக்குப் போய், மெனக்கெட்டு ஜன்னல் சீட்டும் போட்டுவிட்டு வந்தார். மனைவி எங்கே போனாலும் அவளுக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுப்பதுதான் அவருக்குத் தெரிந்த பிரியம்.

கிளம்புவதற்கு நான்கு நாள் இருக்கும்போது, டிக்கெட் கடையில் கடைசியாக ஒரு பயண விவரத் தாள் வாங்க வேண்டியிருந்தது. காலையிலேயே புறப்பட்டார். வழியில் பேருந்து நிலையத்துக்குள் நுழைந்து பழைய ஓட்டுநர்களோடு டீ குடித்தபடி வாய் வலிக்கப் பெருமை பேசினார். "உலகத்தோட அந்தக் கோடி. ஆறே மணி நேரம்." ஓட்டுநர்கள் ஆஹா என்று தலையாட்டினார்கள். ஒருவனுக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தாலும், டைம்கீப்பர் சொன்ன நேரத்தை எதிர்த்துப் பேசி அந்த நிலையத்தில் யாருக்கும் பழக்கம் கிடையாது.

மத்தியானத்துக்கு மேல்தான் டிக்கெட் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே உட்கார்ந்திருந்த பெண் நல்ல பெண். தாளை மடித்துக் கொடுத்துக்கொண்டே, "ஐயா, அம்மாவுக்குக் கால் வீங்குமா? இவ்ளோ நேரம் உட்கார்ந்தா சில பேருக்கு வீங்கும். அப்பப்போ எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்க" என்றாள்.

"ஆறு மணி நேரத்துக்கு என்னம்மா வீங்கப் போகுது."

அந்தப் பெண் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். உலகப் படத்தில் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவில் நீலக் கோடு ஒன்று வளைந்து போயிற்று. கீழே எழுதியிருந்தது: தூரம் பதின்மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் பதினாறரை மணி.

"இல்லையே. ஒன்பதரைக்குப் பொறப்பட்டு மூன்றரைக்குப் போகுது. ஆறுதானே."

"அந்த மூன்றரை அந்த ஊர் மூன்றரை ஐயா. அங்க நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னாடி."

"அது எனக்குத் தெரியும்" என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. தெரியும்தான். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு, பாப்பாவுக்கு இப்போது காலை எட்டரை என்று சொல்லிக்கொண்டுதானே போனை எடுக்கிறார். ஆனால் புறப்பாடு, வருகை என்று இரண்டு கட்டம் கண்ணில் பட்டதும் மூளை பேருந்து நிலையத்துக்கே திரும்பிப் போய்விட்டது. பதின்மூவாயிரம் கிலோமீட்டரை ஆறு மணி நேரத்தில் ஓட்டிவிடும் ஒரு வண்டியை அவர் மனதுக்குள் அனுப்பி, விசிலும் ஊதியிருந்தார்.

"சீட்டையாவது மாத்த முடியுமாம்மா? எந்திரிச்சுப் போக வசதியா, நடைபாதை ஓரமா?"

அவள் தட்டிப் பார்த்தாள். "எல்லாம் போயிடுச்சு ஐயா. அம்மா ஜன்னல். பக்கத்துல ரெண்டு பேர் இருக்காங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று சொற்களை அடுக்கிப் பார்த்தார். ஒன்றும் அடுக்கில் நிற்கவில்லை. விஷயத்தை மெதுவாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு கதவைத் தள்ளினார்.

பாப்பாம்மா கூடத்தில், சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில். கால்கள் சேர்ந்து. முதுகு நேராக. சில நாட்களாகவே அந்த நாற்காலி அங்கே கிடந்தது. கூட்டிப் பெருக்க நகர்த்தியிருக்கிறாள் என்று அவர் விட்டுவிட்டார்.

"ஏம்மா..."

"பேசாதீங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"எதுக்கு?"

"ஆறு மணி நேரத்துக்கு. நாலு நாளா நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனதும் உட்கார்ந்து பழகறேன். நேத்து அஞ்சரை வரைக்கும் வந்துட்டேன். கொஞ்சம் கம்முனு இருங்க."

டைம்கீப்பர் கையில் தாளை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தன் சர்வீஸில் எத்தனையோ பத்து நிமிடங்களைப் பார்த்தவர்தான், ஆனால் இவ்வளவு நீளமான ஒன்றைப் பார்த்ததில்லை. அவள் உதடுகள் காய்ந்து வெளுத்திருந்தன. எட்டுகிற தூரத்தில் ஸ்டூலின் மேல் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அதன் மேல் தம்ளர் கவிழ்த்தபடியே இருந்தது.

நான்கு மணி ஆனதும் பாப்பாம்மா எழுந்து வேகமாகக் குளியலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"முடிச்சிட்டேன். ஒரு தடவைகூட எந்திரிக்கல. நேத்து ராத்திரியிலேருந்து தண்ணி குடிக்கல, அதான் சூட்சுமம். இனிமே எனக்குப் பயம் இல்லைங்க. பாப்பாகிட்ட போயிடுவேன்."

இத்தனை வருடத்தில் அவள் இப்படி எதையாவது சாதித்துவிட்டு வந்து அவரிடம் சொன்னதில்லை. சொன்ன நாள் பார்த்து அவர் கையில் இந்தத் தாள். மென்று முழுங்கிப் பார்த்தார். பிறகு சொல்லிவிட்டார். தான் கழித்த கணக்கு, கடைப் பெண் காட்டிய நீலக் கோடு, பதினாறரை எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். கடிகாரங்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் தரையைப் பார்த்துச் சொன்னார்.

பாப்பாம்மா மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"அப்போ நான் போகல."

"அதுக்குள்ளேயே பாத்ரூம் இருக்கும்மா. எந்திரிச்சுப் போயிட்டு வா. யாரு தடுக்கப் போறா?"

"அன்னிக்குப் பஸ்ஸுலயும் யாரும் கையப் புடிச்சுத் தடுக்கல."

"எந்த பஸ்ஸு?"

அவள் கைப்பையின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"எட்டு வருஷம் முன்னாடி. தங்கச்சி வீட்டுலேருந்து தனியா வந்தேனே. பாதி வழியில அவசரம். கண்டக்டர்கிட்ட மெதுவா சொன்னேன். அவன் டிரைவர்கிட்ட கேட்டான். வண்டி ஏற்கெனவே லேட்டு, இப்போ நிறுத்தினா டைம்கீப்பர் கோடு போட்டுடுவாரு, அரை மணி நேரம் பொறுத்துக்கச் சொல்லுன்னுட்டான். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க."

"நீ யாருன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பான். வண்டி முழுக்க டைம்கீப்பர் பொண்டாட்டிக்கு அடக்க முடியலன்னு பேச்சாகியிருக்கும். அதனால சொல்லல. பொறுத்துப் பார்த்தேன். முடியல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சீட்டுலயே ஆயிடுச்சு. பக்கத்துல இருந்த பொண்ணு எந்திரிச்சு வேற இடத்துக்குப் போயிட்டா."

டைம்கீப்பர் கையிலிருந்த தாளை ஸ்டூலில் வைத்தார்.

"வண்டி வந்து நின்னதும் நீங்க வெளியில வந்தீங்க. அந்த டிரைவர் முதுகுல தட்டி, 'சபாஷ், லேட்டா கிளம்பின வண்டியக் கரெக்ட் டைமுக்குக் கொண்டாந்துட்டியே'ன்னு சொன்னீங்க. நான் உள்ள உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். எல்லாரும் இறங்கினப்புறம் இறங்கி, பின்பக்கமா நடந்தே வீட்டுக்கு வந்துட்டேன்."

அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. அதுதான் அவரை அறுத்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாளே என்று அன்று சாயங்காலம் சத்தம் போட்டவர் அவர். அதற்கப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம், என் வீட்டுக்காரிக்கு வாசலைத் தாண்டினாலே ஜுரம் வந்துவிடும் என்று கேலி பேசியவரும் அவர்தான். தன் சிவப்புக் கோடு இவ்வளவு தூரம் நீண்டு வந்து தன் வீட்டுக்குள்ளேயே விழுந்து கிடந்திருக்கிறது, அதைத் தினம் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. சொம்பிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை. தம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே வெளிச்சம் குறைந்தது.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. பாப்பா திரையில் வந்தாள், தலையணையில் சாய்ந்தபடி.

"என்னம்மா, பெட்டியெல்லாம் கட்டியாச்சா?"

பாப்பாம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மகள் முகத்தையே பார்த்தாள்.

"உன் உதடு ஏன் இப்படி வெடிச்சிருக்கு?"

"இங்க குளிரும்மா."

"பின்னாடி மேஜையில பாட்டில் இருக்கே, அதைக் கையில எடு. ரொம்பியிருக்கா?"

பாப்பா சிரித்து மழுப்பினாள். அம்மா விடவில்லை. "தண்ணி குடிக்கிறியா இல்லையா?"

"குடிச்சா போகணுமேம்மா" என்றாள் பாப்பா. "உதவிக்கு வர்றவங்க காலையில வந்துட்டுப் போனா சாயங்காலம்தான் வருவாங்க. நடுவுல நானா ஊன்றுகோலைப் புடிச்சு எந்திரிச்சுப் போயிட்டு வர்றதுக்குள்ள உயிர் போயிடுது. அவங்க இருக்கும்போது கேக்கவும் ஒரு மாதிரியா இருக்கு. நான் எத்தனை பேருக்குப் பெட்பான் வெச்சிருப்பேன், எனக்கு ஒருத்தர் வெக்கணும்னா தொண்டையில தண்ணி எறங்க மாட்டேங்குது. அதான் அளவா குடிக்கறேன். நர்ஸு பண்ற வேலையா இதுன்னு கேக்காத."

டைம்கீப்பர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறுகி, பிறகு தெளிந்தது.

"சனிக்கிழமை கிளம்பி வர்றேன்" என்றாள்.

"அப்பா ஆறு மணி நேரம்னு சொல்லித்தான் உன்னைச் சம்மதிக்க வெச்சாராமே. இன்னிக்குத்தான் பெரியப்பா பையன் போன்ல சொல்லிச் சிரிச்சான், அப்பா பஸ் ஸ்டாண்டு பூராவும் அப்படிச் சொல்லிட்டுத் திரியறாராம். அம்மா, அது ரொம்ப தூரம்மா. அவ்ளோ நேரம் உன்னால உட்கார முடியாது."

"எனக்குத் தெரியும்டி. பதினாறரை மணி நேரம்தானே. மொதல்ல நீ அந்தப் பாட்டிலை எடுத்துக் குடி. நான் பார்க்கணும்."

பாப்பா குடித்தாள். குடிக்கக் குடிக்கக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கப் பாட்டிலை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பக்கம் பாப்பாம்மா ஸ்டூலில் இருந்த தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் காலி செய்தாள். இன்னொரு தம்ளர் ஊற்றி அதையும் குடித்தாள். போனை வைத்ததும் கணவரிடம் கேட்டாள்:

"ஜன்னல் சீட்டுன்னா பக்கத்துல எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்" என்றார் டைம்கீப்பர், குற்றவாளி மாதிரி.

"இன்னும் ரெண்டு நாற்காலி எடுத்துட்டு வாங்க."

சுவரோரம் அவள் உட்கார்ந்தாள். நடு நாற்காலியில் ஒரு பெரிய தலையணையை உட்காரவைத்தார்கள். ஓர நாற்காலியில் டைம்கீப்பர் உட்கார்ந்து, கால்களை நீட்டி வழியை அடைத்துக்கொண்டார்.

"நான் முன்பின் தெரியாத ஆளு. தூங்கிட்டு இருக்கேன். நீ எழுப்பிக் கேக்கணும்."

"சரி. தூங்குங்க."

அவர் கண்களை மூடினார். தலையணை ஆடாமல் அசையாமல் நன்றாகத் தூங்கியது. அதைப் பார்த்து அவரும் கற்றுக்கொண்டு லேசாகக் குறட்டை விட்டார். கொஞ்ச நேரத்தில் புடவை சரசரத்தது. ஒரு விரல் அவர் தோளைத் தொட்டும் தொடாமலும் பட்டது.

"ஏங்க" என்று காற்றோடு போகிற ஒரு குரல் கேட்டது.

அவர் அசையவில்லை. அசையாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. ஆனால் சனிக்கிழமை அந்த இடத்தில் அவர் இருக்கப்போவதில்லை, வேறு எவனோ உட்கார்ந்திருப்பான். அவன் குறட்டை இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

"கொஞ்சம்..." என்றாள் அவள். நிறுத்திவிட்டாள். திரும்பி உட்காரும் சத்தம் கேட்டது. மூடிய கண்ணுக்குள் டைம்கீப்பர் ஒரு பேருந்தைப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், நடுவில் ஒரு பெண் கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வண்டியோ நேரத்துக்குப் போய்ச் சேரப் பறந்துகொண்டிருக்கிறது. கேளும்மா, கேட்டுடு என்று மனதுக்குள் மன்றாடினார்.

மறுபடியும் புடவை சரசரத்தது. இந்த முறை தோளில் விழுந்தது விரல் இல்லை, முழுக் கை.

"சார். எந்திரிங்க. நான் போகணும்."

வீடு முழுக்கக் கேட்கும் குரல். இத்தனை வருடத்தில் அவளிடமிருந்து அப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை. டைம்கீப்பர் துள்ளி எழுந்தார். தலையணையையும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழி விட்டார். அவரைத் தாண்டிப் போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் நல்லதாயிற்று, ஏனென்றால் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தலையணை உறையைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது.

அவள் ஆற அமரத் திரும்பி வந்தாள்.

"ரொம்ப நேரம் ஆக்கிட்டேனா?"

"நான் மணி பார்க்கலம்மா" என்றார் டைம்கீப்பர்.

பாப்பாம்மா தன் ஜன்னல் சீட்டில் போய் உட்கார்ந்து தம்ளரை நீட்டினாள். அவர் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தார்.